கண்ணுக்கு தெரியாது... வாசனையும் கிடையாது... வீட்டுக்குள் பதுங்கும் ரேடான் வாயு! கண்டுபிடிப்பது எப்படி? விரட்டுவது எப்படி?

நாகர்கோவில்:-

வீடு கட்டும்போது மனைக்கு வாஸ்து பார்க்கிறோம். தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா என்று பார்க்கிறோம். ஆனா வீட்டுக்குள் ராத்திரி முழுக்க நாம இழுத்து விடுற காற்றில் என்ன இருக்கு என்று யாரும் பார்ப்பதில்லை.

மண்ணுக்குள் இருந்து கிளம்பி, தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் நுழையும் வாயு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ரேடான். கலர் கிடையாது. வாசனை கிடையாது. ருசியும் கிடையாது. கண் எரியாது, இருமல் வராது. ஆனால் வருஷக்கணக்கில் அதிக அளவில் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோயை கொண்டு வரும். சிகரெட், பீடிக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கிய காரணம் ரேடான்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

குமரி மாவட்ட கடற்கரை மணலில் கதிரியக்கம் உண்டு என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். "அதனால எங்களுக்கு கேன்சர் வருமா?" என்ற பயமும் பல வருஷமாக இருக்கிறது. ஆனா மணலை பற்றி பேசும் அளவுக்கு வீட்டுக்குள் தேங்கும் காற்றை பற்றி யாரும் பேசுவதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பயப்படுத்த அல்ல. செலவே இல்லாமல் செய்யக்கூடிய வேலை இதில் நிறைய இருக்கிறது.

ரேடான் என்பது என்ன?

பாறையிலும் மண்ணிலும் யுரேனியம் என்ற உலோகம் இயற்கையாகவே துளி அளவு கலந்திருக்கிறது. இது இல்லாத ஊரே உலகத்தில் கிடையாது. யுரேனியம் கோடிக்கணக்கான வருஷங்களாக மெல்ல மெல்ல சிதைந்துகொண்டே இருக்கிறது. அப்படி சிதையும்போது ரேடியம் உண்டாகிறது. ரேடியம் சிதைந்தால் ரேடான் வருகிறது.

மற்றதெல்லாம் கல்லும் உலோகமும் மாதிரி இருந்த இடத்திலேயே கிடக்கும். ரேடான் மட்டும் வாயு. அதனால் மண் துகள்களுக்கு இடையே உள்ள சந்துபொந்துகளில் புகுந்து மேலே வந்து விடுகிறது. திறந்தவெளியில் வந்தால் பிரச்சினை இல்லை. காற்றோடு கலந்து கரைந்து போய்விடும். வீட்டுக்கு அடியில் வந்தால்தான் சிக்கல். மூடிய அறைக்குள் புகுந்து தேங்கி விடுகிறது.

ரேடானின் ஆயுள் குறைவு. 3.8 நாளில் பாதி காலியாகிவிடும். அடுத்த 3.8 நாளில் மீதியில் பாதி போய்விடும். ஆனால் மண்ணில் இருந்து புதுசு புதுசாக வந்துகொண்டே இருப்பதால் வீட்டுக்குள் தீர்ந்து போவதில்லை.

அலாரம் அடிக்க வைத்த என்ஜினீயர்

வீட்டுக்குள் இந்த வாயு இவ்வளவு சேரும் என்று உலகத்துக்கு தெரிய வந்ததே ஒரு வினோதமான சம்பவத்தால்தான்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் லிமரிக் அணுமின் நிலையம் கட்டப்பட்டு வந்தது. அங்கே என்ஜினீயராக வேலை பார்த்தவர் ஸ்டான்லி வாட்ராஸ். வேலை முடிந்து வெளியே போகும் தொழிலாளர்கள் மேல் கதிரியக்கம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வாசலில் ஒரு கருவி வைத்திருந்தார்கள். 1984-ம் ஆண்டு டிசம்பர் மாதம் வாட்ராஸ் அதன் பக்கம் போனாலே அலாரம் அலறியது.

அந்த அணுமின் நிலையம் அப்போது மின்சார உற்பத்தியையே தொடங்கவில்லை. பிறகு எப்படி அவர் மேல் கதிரியக்கம் ஒட்டும்? அதிகாரிகள் குழம்பிப் போனார்கள். வீட்டில் இருந்து வந்ததும் வராததுமாக கருவியில் நின்று பார்த்தபோதும் அலாரம் அடித்தது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. கதிரியக்கத்தை அவர் வேலை இடத்தில் இருந்து வீட்டுக்கு கொண்டு போகவில்லை. வீட்டில் இருந்து வேலைக்கு கொண்டு வந்திருக்கிறார்!

வீட்டை சோதனை போட்டார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 1 லட்சம் பெக்கரல் ரேடான் இருந்தது. அமெரிக்கா பின்னர் நிர்ணயித்த எச்சரிக்கை அளவைவிட இது 600 மடங்குக்கும் அதிகம். மனைவி, பிள்ளைகளோடு அவர் வீட்டை காலி செய்தார். தரைக்கு அடியில் இருந்து வாயுவை உறிஞ்சி வெளியே தள்ள குழாய் போட்டு சரி செய்த பிறகு, அதே வீட்டுக்கு அந்த குடும்பம் திரும்பி வந்து குடியேறியது.

இந்த சம்பவத்துக்கு பிறகுதான் அமெரிக்காவில் வீடு வீடாக ரேடான் சோதனை தொடங்கியது. 1988-ம் ஆண்டு இதற்கென்று தனி சட்டமே வந்தது.

உடம்புக்குள் என்ன செய்கிறது?

ரேடானை நாம் இழுத்தால் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும். ஆனால் ரேடான் சிதையும்போது பொலோனியம் போன்ற துகள்கள் உண்டாகின்றன. அவை வாயு அல்ல, திடப்பொருள். காற்றில் உள்ள தூசியிலும் புகையிலும் ஒட்டிக்கொண்டு, மூச்சோடு போய் நுரையீரலில் ஒட்டிக்கொள்ளும். அங்கே இருந்தபடி ஆல்பா கதிர் என்ற கதிரை பாய்ச்சும்.

ஆல்பா கதிருக்கு தூரம் போக சக்தி கிடையாது. ஒரு காகிதம் தடுத்துவிடும். நம் தோலே தடுத்துவிடும். ஆனால் நுரையீரலின் உள்பக்கம் மெல்லிய சவ்வுதானே? அங்கே தடுக்க ஒன்றுமில்லை. செல்கள் நேரடியாக அடி வாங்குகின்றன. இப்படி வருஷக்கணக்கில் அடி விழுந்தால் ஒரு செல் கெட்டுப்போய் புற்றுநோயாக மாறலாம்.

முதலில் பலியானவர்கள் சுரங்க தொழிலாளர்கள்தான். ஜெர்மனியில் ஷ்னீபெர்க் என்ற ஊரில் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் மார்பு நோயால் அடுத்தடுத்து செத்தார்கள். மலை நோய் என்று பேர் வைத்தார்கள். அது நுரையீரல் புற்றுநோய் என்று 1879-ம் ஆண்டுதான் தெரிய வந்தது. ரேடான் என்ற வாயு இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. 1900-ம் ஆண்டு வாக்கில்தான் அதை கண்டுபிடித்தார்கள். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் 1988-ம் ஆண்டு ரேடான் சேர்க்கப்பட்டது.

பீடி, சிகரெட் குடிப்பவர்கள் கவனிக்க!

இந்த செய்தியில் ரொம்ப முக்கியமான இடம் இதுதான்.

ஐரோப்பாவில் 9 நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளை ஒன்றாக சேர்த்து 2005-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். 7 ஆயிரத்துக்கும் அதிகமான நுரையீரல் புற்றுநோயாளிகளின் வீடுகளில் ரேடான் எவ்வளவு என்று கணக்கு எடுத்தார்கள். அதில் தெரிந்தது இது.

புகை பிடிக்கவே பிடிக்காத 1,000 பேரை எடுத்துக்கொள்வோம். வீட்டில் ரேடான் இல்லை என்றால் 75 வயதுக்குள் அவர்களில் 4 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும். 100 பெக்கரல் இருந்தால் 5 பேர். 400 பெக்கரல் இருந்தால் 7 பேர்.

அதே கணக்கு சிகரெட் பிடிப்பவர்களுக்கு எப்படி தெரியுமா? ரேடான் இல்லை என்றாலே 1,000 பேரில் 100 பேர். 100 பெக்கரல் இருந்தால் 120 பேர். 400 பெக்கரல் இருந்தால் 160 பேர்!

கணக்கை திரும்ப ஒருமுறை பாருங்க. அதே வீடு, அதே ரேடான். புகை பிடிக்காதவருக்கு 7 பேரோடு நிற்கிறது. பிடிப்பவருக்கு 160-க்கு போய்விடுகிறது. ரேடானும் புகையும் கூட்டு சேர்ந்தால் அவ்வளவு ஆபத்து. ஆகவே ரேடானுக்கு பயப்படுகிறவர் முதலில் செய்ய வேண்டியது கையில் இருக்கும் பீடியை தூக்கி எறிவதுதான். வீட்டுக்குள் ஒருவர் புகைத்தால் கூட இருக்கும் பெண்களும் குழந்தைகளும் அந்த புகையை இழுக்க வேண்டியிருக்கிறது. அதையும் மறந்துவிடக்கூடாது.

குமரி மாவட்டத்துக்கு என்ன தொடர்பு?

1909-ம் ஆண்டு. ஜெர்மனியை சேர்ந்த ஷோம்பெர்க் என்ற ரசாயன நிபுணர், திருவிதாங்கூரில் இருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை பார்த்தார். அதில் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் மினுமினுத்த துகள்கள் இருந்தன. அதுதான் மோனசைட். அதில் தோரியம் இருந்தது. அந்த காலத்தில் கியாஸ் விளக்கு மாண்டில் செய்ய தோரியம்தான் வேண்டும். நம் ஊர் திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெள்ளை மாண்டில் இருக்கிறதே, அதேதான்.

கயிற்றை பிடித்துக்கொண்டே மணல் எங்கிருந்து வந்தது என்று தேடி வந்தவர்கள் மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார்கள். குமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. இன்று அங்கே மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். ஆலை நடக்கிறது. மோனசைட்டை தனியார் எடுப்பதற்கோ, வைத்திருப்பதற்கோ, விற்பதற்கோ அனுமதி கிடையாது. அது அணுசக்தி சட்டத்தில் வரும் பொருள்.

யுரேனியத்தில் இருந்து ரேடான் வருகிற மாதிரி, தோரியத்தில் இருந்தும் ஒரு வாயு வருகிறது. அதற்கு தோரான் என்று பெயர். ரேடானுக்கு தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். மோனசைட்டில் யுரேனியம் கொஞ்சம், தோரியம் அதிகம். அதனால் கருமணல் உள்ள கடற்கரை ஊர்களில் அண்ணனோடு தம்பியையும் சேர்த்து கவனிக்க வேண்டும்.

தோரானின் ஆயுள் இன்னும் குறைவு. 56 வினாடியில் பாதி காலி! அதனால் ஆழத்தில் உண்டாகும் தோரான் மேலே வருவதற்குள் தீர்ந்துவிடும். தரையின், சுவரின் மேல் பகுதியில் உண்டாகிறது மட்டும்தான் அறைக்குள் வரும். இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கருமணல் கலந்த கடற்கரை மணலை அள்ளிவந்து தரையில் போடுவதும், சுவர் பூசுவதும் கூடாது. தோரானை நாமே வீட்டுக்குள் கூட்டிவந்து குடிவைத்த மாதிரி ஆகிவிடும். உப்பு மணல் சிமெண்டுக்கும் கம்பிக்கும் ஆகாது என்பது கொத்தனார்களுக்கு ஏற்கனவே தெரிந்த விஷயம்தான்.

அப்படியானால் கடற்கரை மக்களுக்கு கேன்சர் நிச்சயமா?

இல்லை. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கேரளாவில் கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளி பகுதியிலும் இதே மோனசைட் மணல்தான். அங்கே திருவனந்தபுரம் ஆர்.சி.சி. மண்டல புற்றுநோய் மைய டாக்டர்கள் சுமார் 70 ஆயிரம் பேரை சராசரியாக 10 வருஷத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். 2009-ம் ஆண்டு முடிவு வெளியானது. மணலில் இருந்து வரும் காமா கதிர் அதிகம் உள்ள இடங்களில் வசிப்பவர்களுக்கு, குறைவாக உள்ள இடங்களில் வசிப்பவர்களைவிட புற்றுநோய் அதிகமாக வரவில்லை என்றது அந்த முடிவு.

இது காமா கதிரை வைத்து எடுத்த கணக்கு. காமா கதிர் வெளியில் இருந்து உடம்பில் படுவது. ரேடான் மூச்சோடு உள்ளே போவது. இரண்டும் வேறு வேறு. அதனால் "ஆய்வு சொல்லிடுச்சு, ஒண்ணும் இல்லை" என்று ஜன்னலை மூடிக்கொண்டு இருப்பதும் சரியில்லை. "மண்ணே விஷம்" என்று நடுங்குவதும் சரியில்லை. வீட்டு காற்றை அளந்து பார்ப்பதுதான் வழி.

இன்னொரு விஷயம். ரேடான் கடற்கரைக்கு மட்டும் சொந்தமல்ல. பாறை உள்ள எல்லா இடத்திலும் உண்டு. மலை அடிவாரத்தில் பாறை மேல் வீடு கட்டியிருப்பவர்களுக்கும் இந்த செய்தி பொருந்தும்.

வீட்டுக்குள் எப்படி நுழைகிறது?

வெளியே உள்ளதைவிட வீட்டுக்குள் காற்று கொஞ்சம் சூடாக இருக்கும். சூடான காற்று மேலே ஏறி வெண்டிலேட்டர், ஓட்டு இடுக்கு வழியாக போகும்போது, அந்த இடத்தை நிரப்ப கீழே மண்ணில் இருந்து காற்று உறிஞ்சப்படுகிறது. வீடு ஒரு ஸ்ட்ரா மாதிரி வேலை செய்கிறது. அந்த காற்றோடு சேர்ந்து ரேடானும் வந்துவிடும்.

வரும் வழிகள் இவைதான்:

* சிமெண்டு தரையில் உள்ள விரிசல்

* தரையும் சுவரும் சேரும் மூலையில் உள்ள இடைவெளி

* பாத்ரூம், சமையலறை குழாய்கள் தரையை துளைத்து வரும் இடத்தில் உள்ள ஓட்டை

* மூடி போடாத, வீட்டுக்குள் இருக்கும் கிணறு, தொட்டி

* மண் தரை, சாணம் மெழுகிய தரை

* தரைக்கு கீழே கட்டிய அறை, குடோன்

ராத்திரி கதவு, ஜன்னலை மூடிவிட்டு படுத்தால் அளவு ஏறிக்கொண்டே போகும். விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். காலையில் கதவை திறந்ததும் மளமளவென்று இறங்கிவிடும்.

பழைய ஓட்டு வீடுகளில் எந்த பக்கமும் காற்று வரும். இப்போது கொசுவுக்கு பயந்து ஜன்னலை மூடுகிறோம். ஏ.சி. போட்டதும் இடுக்குகளை எல்லாம் டேப் ஒட்டி அடைக்கிறோம். சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டு வராது. அறையில் இருக்கும் காற்றையே திரும்ப திரும்ப குளிர வைக்கும். உள்ளே உள்ள ரேடான் உள்ளேயே சுற்றும்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

ரேடானை பெக்கரல் என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு வினாடிக்கு ஒரு அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள பெட்டி அளவு காற்றில் எத்தனை பெக்கரல் என்று பார்க்க வேண்டும்.

* திறந்தவெளி: சாதாரணமாக 5 முதல் 15 பெக்கரல்

* உலக அளவில் வீடுகளின் சராசரி: சுமார் 40 பெக்கரல்

* உலக சுகாதார நிறுவனம் 2009-ம் ஆண்டு சொன்ன அளவு: 100 பெக்கரலுக்குள் இருப்பது நல்லது. முடியாத நாடுகளிலும் 300-ஐ தாண்டக்கூடாது

* அமெரிக்கா: 148 பெக்கரலை தொட்டால் வீட்டை சரி செய்ய வேண்டும். அங்கே இதை 4 பிகோகியூரி என்பார்கள்

* கனடா: 200 பெக்கரல்

இது ஒரு கோடு மாதிரி. 99 இருந்தால் தப்பித்தோம், 101 இருந்தால் செத்தோம் என்று அர்த்தமில்லை. 100 பெக்கரல் கூடும்போது நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 16 சதவீதம் கூடுகிறது. குறைய குறைய நல்லது. அவ்வளவுதான்.

அளப்பது எப்படி?

மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. ரத்த பரிசோதனையிலோ, எக்ஸ்ரேயிலோ வீட்டில் ரேடான் இருப்பது தெரியாது. கருவி வைத்து அளந்தால்தான் தெரியும். மூன்று வகை இருக்கிறது.

1. கரி டப்பா: சின்ன டப்பாவில் விசேஷமான கரித்தூள் இருக்கும். 2 நாள் முதல் 7 நாள் வரை அறையில் திறந்து வைத்து, மூடி லேபுக்கு அனுப்ப வேண்டும். சீக்கிரம் முடிவு தெரியும். ஆனால் அந்த சில நாள் நிலவரம் மட்டும்தான் தெரியும்.

2. பிலிம் டோசிமீட்டர்: டப்பாவுக்குள் ஒரு துண்டு பிளாஸ்டிக் பிலிம் இருக்கும். ஆல்பா கதிர் பட்ட இடத்தில் எல்லாம் பிலிமில் தழும்பு விழும். 3 மாதமோ அதற்கு மேலோ வைத்து, லேபில் தழும்பை எண்ணி கணக்கு சொல்வார்கள். இதற்கு கரண்டு வேண்டாம், பேட்டரி வேண்டாம். மழைக்காலம், வெயில்காலம் என்று அளவு மாறும் என்பதால் இந்த முறைதான் நம்பகமானது. ரேடானையும் தோரானையும் தனித்தனியாக பிரித்து சொல்லும் பின்ஹோல் டோசிமீட்டரை மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். நம் நாட்டில் பல்கலைக்கழக இயற்பியல் துறைகளில் ரேடான் ஆராய்ச்சி செய்பவர்கள் இதைத்தான் வீடுகளில் தொங்கவிடுகிறார்கள். உங்கள் ஊருக்கு அப்படி யாராவது வந்து கேட்டால் விரட்ட வேண்டாம். அது ஒரு இலவச சோதனை.

3. டிஜிட்டல் மீட்டர்: ஆன்லைனில் விற்கிறது. நாளுக்கு நாள் அளவை காட்டும். விலை அதிகம் என்பதால் ஒரு தெருவே சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றி வைக்கலாம். ஒரு வீட்டில் குறைந்தது ஒரு மாதமாவது இருக்கட்டும். சாதாரண மீட்டர்கள் ரேடானை அளப்பதற்கானவை. தோரானுக்கு டோசிமீட்டர்தான் சரி.

எங்கே வைக்க வேண்டும்? அதிக நேரம் இருக்கும் அறை, அதாவது படுக்கும் அறையில் வைக்க வேண்டும். மாடி வீடு என்றால் கீழ்த்தளத்தில். தரையில் இருந்து அரை மீட்டருக்கு மேலே, சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி இருக்கட்டும். பேன் காற்று நேராக படக்கூடாது. சமையலறை, பாத்ரூம் வேண்டாம்.

பக்கத்து வீட்டில் குறைவு என்பதால் நம் வீட்டிலும் குறைவு என்று நினைக்கக்கூடாது. அடுத்தடுத்த வீடுகளிலேயே அளவு ஏகப்பட்ட வித்தியாசம் இருக்கும். தரை, விரிசல், ஜன்னல் எல்லாம் வீட்டுக்கு வீடு மாறுமே!

குறைப்பது எப்படி?

காசு இல்லாமல்:

காலையில் எழுந்ததும் எதிர் எதிர் பக்கத்து ஜன்னல்களை திறந்து விடுங்க. ஒரு பக்கம் திறந்தால் போதாது. காற்று ஒரு வழியில் வந்து மறு வழியில் போக வேண்டும். ஆரல்வாய்மொழி கணவாய் காற்றில் காற்றாலைகளையே சுற்ற விடும் மாவட்டம் இது. நம்ம ஊரில் காற்றுக்கா பஞ்சம்? கொசு தொல்லை என்றால் ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டு ராத்திரியும் திறந்து வைக்கலாம். ஏ.சி. அறையை காலையும் மாலையும் திறந்து காற்றாட விட வேண்டும்.

மேலே உள்ள வெண்டிலேட்டரை மட்டும் திறந்து வைத்து கீழே எல்லாம் மூடுவது தப்பு. மூடிய வீட்டில் எக்சாஸ்ட் பேனை ஓடவிடுவதும் தப்பு. இரண்டிலும் காற்று வெளியே போகுமே தவிர, உள்ளே வர வழியில்லாமல் தரை விரிசல் வழியாக மண் காற்றைத்தான் இழுக்கும். எக்சாஸ்ட் போட்டால் ஒரு ஜன்னலை திறந்து வையுங்க.

சில நூறு ரூபாயில்:

தரை விரிசலையும், சுவர் ஓர இடைவெளியையும் சிமெண்டு வைத்து அடையுங்க. குழாய் வரும் ஓட்டைகளை எம்-சீல், சிலிக்கான் பசை வைத்து அடைக்கலாம். வீட்டுக்குள் உள்ள கிணறு, தொட்டிக்கு இறுக்கமான மூடி போடணும். மண் தரையாக இருந்தால் சிமெண்டு தரை போடுவது ரேடானுக்கும் தோரானுக்கும் நல்லது. ஆனா விரிசல் அடைப்பது மட்டுமே முழு தீர்வு ஆகாது. ஒரு ஓட்டையை அடைத்தால் வாயு இன்னொரு ஓட்டையை தேடும். காற்றோட்டமும் சேர வேண்டும்.

அளவு ரொம்ப அதிகமாக இருந்தால்:

வாட்ராஸ் வீட்டில் செய்த வேலைதான். தரையில் ஒரு துளை போட்டு, கீழே ஒரு வாளி அளவுக்கு மண்ணை எடுத்துவிட்டு, அதில் பி.வி.சி. பைப்பை இறக்க வேண்டும். துளையை சுற்றி இறுக்கமாக அடைத்துவிட்டு பைப்பை மொட்டை மாடிக்கு மேல் வரை கொண்டுபோக வேண்டும். பைப்பில் எந்நேரமும் ஓடும் சின்ன பேன் ஒன்று இருக்கும். தரைக்கு கீழே இருக்கும் வாயுவை அது உறிஞ்சி வானத்தில் விட்டுவிடும். வீட்டுக்குள் வரவே விடாது. சரியாக செய்தால் 99 சதவீதம் வரைகூட குறைக்க முடியும். பைப் வாய் ஜன்னல் பக்கம் இருக்கக்கூடாது. விட்டது திரும்ப வந்துவிடும். வேலை முடிந்ததும் திரும்ப அளந்து பார்க்க வேண்டும்.

புது வீடு கட்டுறவங்களுக்கு...

கட்டி முடித்த பிறகு உடைப்பதைவிட கட்டும்போதே செய்தால் செலவு மிச்சம். கொத்தனாரிடம் சொல்ல வேண்டியது மூன்று விஷயம்தான்.

* தரை கான்கிரீட்டுக்கு கீழே 10 சென்டி மீட்டர் கனத்தில் ஜல்லி பரப்ப வேண்டும். வாயு தேங்காமல் ஓட வழி கிடைக்கும்.

* ஜல்லிக்கு மேல் கிழியாத தடிமனான பாலிதீன் ஷீட் விரித்து, அதன் மேல் கான்கிரீட் போட வேண்டும். ஈரம் ஏறாமலும் தடுக்கும்.

* ஜல்லியில் இருந்து ஒரு பைப்பை மேல் மாடி வரை ஏற்றி வைக்க வேண்டும். பின்னால் அளவு அதிகம் என்று தெரிந்தால் ஒரு பேன் மாட்டினால் போதும்.

அஸ்திவாரத்தையும் தரையையும் நிரப்ப எந்த மணல் வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்க. கருமணல் மினுமினுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்க.

போர் தண்ணீரில் உண்டா?

பாறைக்குள் இருந்து வரும் போர் தண்ணீரில் ரேடான் கரைந்திருக்கலாம். குளம், ஆறு, கால்வாய் தண்ணீரில் அநேகமாக இருக்காது. காற்று பட்டதும் பறந்துவிடும். போர் தண்ணீரை மேல்நிலை தொட்டியில் உயரத்தில் இருந்து விழ வைத்து, சிறிது நேரம் விட்டு பயன்படுத்தினால் பெருமளவு போய்விடும். கொதிக்க வைத்தாலும் போகும். கொதிக்கும்போது சமையலறை ஜன்னல் திறந்திருக்கட்டும். பொதுவாக தண்ணீரைவிட தரை வழியாக வருவதுதான் அதிகம். முதலில் அதை கவனியுங்க.

கேள்வியும் பதிலும்

ஏர் பியூரிபையர் வாங்கினால் போதுமா?

போதாது. அது தூசியை பிடிக்கும். ரேடான் வாயுவை தூசி வடிகட்டியால் பிடிக்க முடியாது. அதை நம்பி ஜன்னலை மூட வேண்டாம்.

முகமூடி போட்டால் தடுக்குமா?

வீட்டுக்குள் தூங்கும்போதும் முகமூடி போட்டுக்கொண்டா இருக்க முடியும்? வாயு துணியில் நிற்காது.

கிரானைட் சமையல் மேடையை உடைக்கணுமா?

வேண்டாம். கிரானைட்டில் இருந்து கொஞ்சம் வரலாம். ஆனால் மண்ணில் இருந்து வருவதோடு ஒப்பிட்டால் அது பொதுவாக சொற்பம்.

இருமல் இருந்தால் ரேடானா?

ரேடானால் உடனே எந்த அறிகுறியும் வராது. 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு போங்க. காச நோயாக இருக்கலாம். சளி பரிசோதனை அங்கே இலவசம்.

பிள்ளைகள் அமெரிக்கா, கனடாவில் வீடு வாங்குகிறார்களா?

போனில் பேசும்போது ஒரு வார்த்தை கேளுங்க: "ரேடான் டெஸ்ட் பண்ணிட்டியா?" குளிருக்காக இறுக்கமாக மூடிய வீடுகள் அவை. பாதி வீடு பேஸ்மெண்ட் என்று தரைக்கு அடியில் இருக்கும். அமெரிக்காவில் மட்டும் ரேடானால் வருஷத்துக்கு சுமார் 21 ஆயிரம் பேர் நுரையீரல் புற்றுநோயில் சாகிறார்கள் என்று அந்த நாட்டு சுற்றுச்சூழல் துறை கணக்கிட்டிருக்கிறது. அங்கே வீடு வாங்கும்போதே இந்த சோதனையை செய்யச் சொல்லி கேட்பது வழக்கம். அளவு அதிகம் என்றால் வீட்டை விற்பவரிடமே பைப் போட்டு தரச்சொல்லி பேரம் பேசலாம்.

கடைசியா...

கருமணலை எடுக்கலாமா கூடாதா என்பது அரசும் மக்களும் பேசி முடிவு செய்ய வேண்டிய பெரிய விவகாரம். அது முடியும் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் நம் படுக்கை அறைக்கு இல்லை. தரை விரிசலை அடைப்பது, கடற்கரை மணலை வீட்டுக்குள் கொண்டு வராமல் இருப்பது, பீடி, சிகரெட்டை விடுவது, காலையில் ரெண்டு பக்கத்து ஜன்னலையும் திறப்பது... இந்த நாலையும் யாரிடமும் மனு கொடுக்காமல் நாளைக்கு காலையிலேயே தொடங்கலாம்.